சைக்கிளுக்கு ஒரு வடிகால்

இன்னும் காபி குடிக்காத மயிலாப்பூர்க்காரர் முன்னால் தாமதமாகப் போய் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் செய்த வேலையின் அருமை தெரியும். தொண்ணூறுகளில் சாந்தோம் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. விடிந்ததும் சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் வீடு வீடாகப் போவேன். சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்வரை அவர்களுக்குக் காபி கிடையாது. அடுக்களையிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல மனிதரும் சிடுசிடுவென்றுதான் இருப்பார்.

நான் கொஞ்சம் பிந்தினால் போச்சு. பொறுக்க முடியாமல் ஒரு டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டு, "நாளைக்கு வாம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அன்றைக்கு அந்த வீட்டு ரத்தம் இல்லை. லேப் முதலாளி என் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை பேர் காபி குடிச்சாங்க?" என்பார். அதுதான் எனக்கு அவர் சொல்லும் காலை வணக்கம்.

என் வீடு பட்டினப்பாக்கம் குடியிருப்பில். வீடும் லேபும் கால்வாய்க்குக் கிழக்கே, ரத்தம் தருகிறவர்கள் எல்லாரும் மேற்கே. நடுவில் ஒரு நடைபாலம். எந்தக் காலத்திலோ படகு போகட்டும் என்று உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது கீழே படகும் இல்லை, போகத் தண்ணீரும் இல்லை, கருப்பாய் ஒரு சாக்கடைதான். பாலம் மட்டும் அதே உயரத்தில் நின்றது. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் படி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். மீன் விற்கிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், டியூஷனுக்குப் போகிற பெண்பிள்ளைகள், நான், எல்லாருக்கும் இதே பாடு. பல வருஷம் அப்படித் தூக்கினேன். பழகிப்போனதால் அதை ஒரு கஷ்டமாகவே நினைக்கவில்லை.

அந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கனமா எதையும் தூக்காதே. உள்ள தையல் விட்டுச்சுன்னா மறுபடியும் வயித்தத் தொறக்கணும்" என்றார். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஓட்டலாம் என்றார். தூக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சைக்கிளோடு பாலத்தடியில் நின்றுவிட்டேன். மீன்காரர் ஒருவர் தூக்கிக் கொடுத்தார். மறுநாள் யாருமே வரவில்லை. நானே தூக்கினேன். நடுப்படியில் சுரீரென்று ஒரு வலி வந்தது பாருங்கள், சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பெரிய ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போனேன். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். சிமென்ட் லாரிக்காரன் ஒருவன், "யக்கா, வீட்ல சொல்லிட்டு வன்ட்டியா?" என்று கத்துவான். நான் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெரு காபி குடித்து முடித்திருக்கும்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அவர் பயம். அடையாறில் புதிதாக ஒரு லேப் வந்திருந்தது. அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள். "தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன்மா. அப்புறம் நானும் வண்டி வச்சிருக்கிற ஆளா போட வேண்டியதுதான்" என்றார். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். வண்டி ரோட்டில் ஓடின நாளைவிட மெக்கானிக் ஷெட்டில் நின்ற நாள்தான் அதிகம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. "வேலைய வுட்டுட்டு ரெஸ்ட் எடு" என்று அவர் சொன்னபோது எனக்கு வந்ததே கோபம்! ரெஸ்ட் எடுத்துக்கொண்டே எதைத் தின்பது என்று கேட்டேன்.

மந்தைவெளியில் என் முதல் வீடு ஒரு மாமாவுடையது. அரசாங்கக் கணக்கு ஆபீசில் ஆடிட்டில் இருந்து ரிடையர் ஆனவர். எந்தச் செலவாக இருந்தாலும், 'இது தப்பான கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது' என்று திருப்பி அனுப்புவதே அவருடைய முப்பது வருஷ உத்தியோகம். ஒருநாள் நான் சுற்றிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துப் போய் நிற்க, அவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"மணி என்ன ஆறது பாரு! மனுஷன் காபி சாப்பிடாம உக்காந்துண்டிருக்கேன். நீ ஊரைச் சுத்திண்டு வரே!"

"ஆமா மாமா, ஊரச் சுத்திக்கினுதான் வர்றேன்! வயித்த அறுத்துத் தச்சிருக்காங்க. சைக்கிளத் தூக்கிக்கினு அந்தப் பாலத்துல ஏறச் சொல்றீங்களா? நீங்க வந்து தூக்குங்க!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. மாமா திகைத்துப் போனார். உள்ளேயிருந்து மாமி வந்து என்னை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தார். அவர்கள் பெண் ஹாலந்தில் இருந்தாள். அந்த ஊர் ரயில் நிலையப் படிக்கட்டில் சைக்கிளோடு நிற்கிற படம். அவள் சைக்கிளைத் தூக்கவில்லை. படியோரமாக மேலிருந்து கீழ்வரை ஒல்லியாக ஒரு பள்ளம் ஓடியது. அதில் இரண்டு சக்கரத்தையும் வைத்து ஒரு கையால் தள்ளிக்கொண்டு ஏறினாள். இன்னொரு கையில் பை. சிரிப்பு வேறு.

நான் மாமாவின் ரத்தத்தை எடுக்கவே மறந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா! படிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். இதற்கா நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்?

"இத்த கட்டினது யாரு மாமி? துட்டு யார்து?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. கேக்கறேன்."

அந்தப் பெண் சொன்னதை மாமா எனக்கு வரிசையாக விளக்கினார். அங்கே சைக்கிளுக்கென்று ஊராட்சியும் பணம் வைத்திருக்கிறதாம், அதற்கு மேலே மாகாணமும் வைத்திருக்கிறதாம், அதற்கும் மேலே ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்த பெரிய நிதியும் இருக்கிறதாம். ஒருத்தர் கொஞ்சம் கொடுத்தால் மற்றவர் மிச்சம் கொடுப்பார்களாம். "அதுக்குன்னே தனித் தலைப்பு இருக்காம்!" என்று சொன்னபோது மாமாவின் குரல் தழுதழுத்தது. மற்றவர்கள் கோயில் கோபுரத்தைப் பார்க்கிற பரவசத்தோடு அவர் அந்தத் தலைப்பை நினைத்துப் பார்த்தார்.

"அந்தப் பெரிய நிதியிலேர்ந்து நமக்குத் தருவாங்களான்னு கேளுங்க மாமா" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. கொடுக்கிறவன் எந்த ஊராக இருந்தால் எனக்கென்ன? பெண்ணும் பாவம், அவளுடைய ஊர் ஆபீசுக்குப் போய் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பதில் வந்தது. ஐரோப்பாவுக்குள் இருக்கிற பாலத்துக்கு மட்டும்தான். மந்தைவெளி எங்கே இருக்கிறது என்று அவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்த்தார்களாம், அந்த மட்டுக்கும் மரியாதை. மாமாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்கு அப்படியில்லை. அவர்கள் ஊர்ப் பணம் அவர்கள் ஊர்ப் படிக்குப் போகிறது. அப்படியானால் எங்கள் ஊர்ப் பணம் எங்கள் படிக்கு வரட்டும் என்று தோன்றியது. போட்டோவை மாமியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மத்தியானமே வார்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே ஒரு இளம் என்ஜினியர். படத்தை நிதானமாகப் பார்த்தார், நல்லாதான் இருக்கு என்றார், திருப்பிக் கொடுத்தார்.

"சைக்கிளுக்குன்னு ஹெட்டே, அதான் செலவுத் தலைப்பே, கெடையாதும்மா. ரோடு இருக்கு, தெருவிளக்கு இருக்கு, மழைத்தண்ணி வடிகால் இருக்கு, கக்கூஸ் இருக்கு, சுடுகாடு இருக்கு. சைக்கிள் எதுலயும் வராது."

"செத்தா துட்டு இருக்கு, சைக்கிள்ல போனா இல்லியா சார்?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். என்ஜினியர் சிரிக்கவில்லை, ஆனால் உட்காரச் சொன்னார். அது ஒரு முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். கவுன்சிலர் வீட்டுக்கும் போனேன். அவர் மிக அன்பாகப் பேசி, மோர் கொடுத்து, என்ஜினியரைப் பார்க்கச் சொன்னார். என்ஜினியர் கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார். பந்து மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் உருண்டேன். வீட்டுக்காரர், "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்தால்தான் வீட்டில் சோறு.

ஒரு சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. பாலத்தடியில் ஒதுங்கி நின்றேன். மேலே தேங்கிய தண்ணீர் அத்தனையும் படிப்படியாகக் குதித்து இறங்கி, கீழே என் கணுக்கால் அளவுக்கு நின்றது. ஏறுகிறவர்கள் எல்லாரும் வழுக்கிக்கொண்டு ஏறினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தண்ணீருக்குப் படியோரமாக ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தால் சமர்த்தாக ஓரமாய் இறங்கிப் போகுமே! பள்ளம்! மழைத்தண்ணீர் வடிகாலுக்குத்தான் ஆபீசில் பணம் இருக்கிறதே! நனைந்தபடியே மாமா வீட்டுக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமா நடுங்கிப் போய்விட்டார், குளிரில் நடுங்கிய நான் தேவலை.

"சைக்கிளுக்குக் கட்டறதை வடிகால்னு எழுதறதா? முப்பது வருஷம் இந்த மாதிரி எழுதினவாளையெல்லாம் பிடிச்சிருக்கேன்டி நான்!"

"தண்ணி அதுல போவாதா மாமா?"

"போகும்."

"போனா அது வடிகால்தானே? தண்ணி போவாதப்ப சைக்கிள் போனா யாருக்கு இன்னா நஷ்டம்?"

ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மாமி என் தலையைத் துவட்டிக்கொண்டே, "பதில் சொல்லுங்கோளேன்" என்றார். கடைசியில் நின்று, கண்டிப்பான குரலில் சொன்னார். "நிஜமாவே தண்ணி வடியணும். ஒழுங்கா தண்ணி ஓடற வாட்டம் பாத்துக் கட்டணும். அப்படின்னா அது பொய் இல்லை. நான் எழுதித் தரேன்."

எழுதினார். படியில் தண்ணீர் நின்று பொதுமக்கள் வழுக்குவதால் இருபுறமும் படியோரம் குறுகிய வடிகால் தேவை என்று ஒரு மனு. மீன்காரர்களும் கொத்து வேலைக்காரர்களும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். என்ஜினியர் மனுவைப் படித்தார், என் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு ஹெட்டு இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மழைக்கால வேலைகளோடு சேர்த்து அதையும் எழுதிக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

கட்டுகிற நாளில் நான் அங்கேயே நின்றேன். மேஸ்திரி வழக்கமான அகலத்துக்குப் பலகை வைக்கப் பார்த்தார். அவ்வளவு அகலத்தில் சக்கரம் அங்குமிங்கும் ஆடும் என்று சண்டை போட்டேன். "வடிகாலுக்கு வாட்டம்தான் முக்கியம்க்கா, அகலம் உனுக்கு எதுக்கு?" என்றார். ஈர சிமென்டில் என் சைக்கிளை வைத்து ஒரு தடவை கீழே உருட்டிக் காட்டினேன். அவர் அந்தத் தடத்தைப் பார்த்து, "அட, இதுக்காடா இம்மா கூத்து!" என்று சிரித்தார், அந்தத் தடத்தையே அளவாக வைத்துப் பூசினார். சிமென்ட் காய்ந்த அன்று காலை ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். வயிறு வலிக்கவில்லை. உச்சியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பின்னால் வந்த மீன்காரரும் கூடையோடு தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்து என்னோடு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அந்த வாரமே போயிற்று. தீபாவளிக்குச் சில நாள் முன்பு, விடியற்காலையில் நான் பாலத்தடிக்கு வந்தால் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி நிறைய சிமென்ட் பலகைகள். இரண்டு ஆட்கள் அடிப்படியில் முதல் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்றீங்க?"

"வடிகாலை மூடறோம்க்கா. மழைக்கு மின்னாடி எல்லா வடிகாலையும் மூடச் சொல்லி ஆர்டர். நீ நவுரு."

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வடிகால் என்று எழுதி வாங்கியது நான்தானே! வடிகால் என்றால் மூடத்தான் செய்வார்கள். சைக்கிளைப் பள்ளத்தில் ஏற்றி, நடுப்படியில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ஜினியர இட்டுக்கினு வா. அவர் வர்ற வரைக்கும் இந்த சைக்கிள் எறங்காது."

ஒருவர் போனார், இன்னொருவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேற்கே ஒவ்வொரு வீட்டிலும் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும். நான் எழுந்து போனால் பள்ளம் போச்சு. போகாவிட்டால் இன்றைய ரத்தம் போச்சு, வேலையும் போச்சு. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை.

அப்போது பாலத்தின் உச்சியில் ஒரு மஃப்ளர் தெரிந்தது. மாமா. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, என்னைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"இங்க உக்காந்துண்டு என்ன பண்றே? நான் இன்னும் காபி..."

பலகைகளைப் பார்த்தார். என் பக்கத்துப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து நீட்டினார். "எடு" என்றார். அந்தப் படியிலேயே எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து மேற்கே திரும்பிப் போனார். காபி குடிக்கப் போகிறார், குடிக்கட்டும் பாவம் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்தார், கூடவே ஒரு கூட்டத்தோடு. வாக்கிங் ஸ்டிக்கோடு ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர், நெற்றியில் விபூதியோடு ஒரு வக்கீல், நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு மாமி. அத்தனை பேரும் என் தெருக்காரர்கள், அத்தனை பேரும் வெறும் வயிறு. ஒவ்வொருவராகப் படியில் உட்கார்ந்து கையை நீட்ட நீட்ட நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். என்ஜினியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது பாலத்துப் படியில் ஒரு ஆஸ்பத்திரியே நடந்துகொண்டிருந்தது.

"ரூல் சார். திறந்த வடிகால்ல கொழந்த விழுந்துட்டா?" என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"இதுல பூனைக்குட்டி விழுமாய்யா?" என்றார் வக்கீல்.

"மேல மூடிட்டா படித் தண்ணி உள்ள எப்படி இறங்கும்? வடியாத வடிகாலுக்கா செலவு எழுதினேள்? ஆடிட்ல யார் பதில் சொல்றது?" என்றார் மாமா. முப்பது வருஷத்து ஆடிட் கோபமும் அன்றைய காபிக் கோபமும் சேர்ந்து வந்தது. நைட்டி மாமி எதுவும் வாதாடவில்லை. "நாங்க யாரும் இன்னும் காபி சாப்பிடலை" என்று மட்டும் சொன்னார். என்ஜினியர் மந்தைவெளியில் வேலை பார்க்கிற மனிதர், அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். பலகை வண்டியைப் பார்த்து, "எத்துக்கினு போங்க. மழை முடிஞ்சு பாக்கலாம்" என்றார். அந்த மழை முடிந்தது, அடுத்த மழையும் முடிந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. நடக்க முடியாதவர்கள் இன்னும் மிச்சம் இருந்தார்கள். படுத்த படுக்கையாக ஒருவர், முழங்கால் மடங்காத ஒரு பாட்டு டீச்சர், இன்னும் சிலர். இவர்கள் எல்லாரும் குடித்திருப்பார்கள் என்று எனக்கு நிச்சயம். இருந்தாலும் போனேன். பாட்டு டீச்சர் என்னைப் பார்த்ததும் திட்டினார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு! திட்டிக்கொண்டே கையை நீட்டினார். மேஜையில் அவருடைய காபி ஆறிப்போய் ஆடை கட்டி இருந்தது, தொடாமல். அடுத்த வீட்டிலும் அதே மாதிரி திட்டு, அதே மாதிரி நீட்டிய கை. மாமா வீட்டு மாமி ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நான் வரும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

லேபுக்குப் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றார். இவ்வளவு தாமதமாக நான் ஒருநாளும் வந்ததில்லை. ஐஸ் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்துத் திறந்தார். ஒவ்வொரு குழாயாக எடுத்து, ஒட்டியிருந்த பெயரைப் படித்து, ஸ்டாண்டில் வைத்தார். ஸ்டாண்டு நிறைந்தது. காலி ஓட்டை ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாருமே காபி குடிக்கலியா?"

"குடிக்கல சார்" என்றேன். "எனக்காக யாருமே குடிக்கல." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.